இடைவெளி தெரிவது ஓரிடம், முட்டுவது வேறிடம்: விமான மாடலில் பாகங்கள் பொருந்தாதபோது

பிளாஸ்டிக் விமான மாடலில் இரண்டு பாகங்களைச் சேர்க்கிறோம். ஓரிடத்தில் வாய் பிளந்து நிற்கிறது. கை உடனே புட்டி ட்யூபைத் தேடும். அதை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: வேறு எங்கே முட்டுகிறது? அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தானாகச் சுருங்கி வழிவிடாது. மூட வேண்டிய பாகம் மூடவில்லையென்றால் எங்கோ ஒரு மூலையில் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் மோதிக்கொண்டிருக்கின்றன. மோதும் இடத்தில் கால் மில்லிமீட்டர் சீவினால், பிளந்து நின்ற இடம் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். புட்டி அப்பினால் பிளவு மறையும், மோதல் உள்ளேயே இருக்கும். இறக்கை கோணலாகவே நிற்கும், கண்ணாடி மூடி உட்காராது. ஓரிடத்தில் மூடிமறைத்த பிழை அடுத்த இணைப்பில் பெரிதாகத் தலைகாட்டும்.

1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காகச் செய்த மாடலில், கால் மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் 18 மி.மீ. விரல் நுழையும் சந்து. அதனால்தான் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் பிசகு கட்டி முடித்த மாடலில் உறுத்துகிறது.

கீழே கோளாறுகளை, கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்தக் கணக்கில் பிரித்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 1/72 அளவு ஸ்பிட்பயர், ஹரிக்கேன் (இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானங்கள்), மிக்-21 (சோவியத் போர் ஜெட்). இந்த அளவு எளிதில் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படி. பிரிட்டிஷ் மாடல் நிறுவனமான ஏர்பிக்ஸ் 1953இல் ஸ்பிட்பயரை வெளியிட்டதிலிருந்து உலகம் முழுக்கப் புதியவர்கள் கைவைக்கும் அளவும் இதுதான்.

எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

பசையைத் திறக்கும் முன் பாகங்களை வெறுமனே சேர்த்துப் பாருங்கள். சேரவில்லையா? பாகங்கள் ஒட்டி வரும் ஸ்ப்ரூ சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் முனை துருத்திக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தட்டுப்படும். அடுத்து விளிம்பில் பிசிறு. அச்சு தேய்ந்த பழைய கிட்களில் (மாடல் பெட்டிகளில்) இது அதிகம். பிறகு உள்பக்கம் வட்ட வட்டமாகத் தெரியும் தடங்கள். அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிட்ட ஊசியின் தடம் அது. பள்ளமாக இருந்தால் தொல்லையில்லை, மேடாக இருந்தால் அதுவே முட்டுக்கட்டை. கடைசியாக பெயின்ட். காக்பிட்டுக்கு அடித்த பெயின்ட் இணைப்பு விளிம்பிலும் படிந்திருக்கும். அது இரண்டு வகையில் கெடுக்கிறது: தடிமனைக் கூட்டுகிறது, சிமென்ட் என்று அழைக்கும் மாடல் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துச் சேர்ப்பதையும் தடுக்கிறது. விளிம்பை பிளேடால் சுரண்டி வெறும் பிளாஸ்டிக் தெரியும்படி செய்யுங்கள்.

இவ்வளவு பார்த்தும் மோதும் இடம் தெரியாவிட்டால் 4பி போன்ற மென்மையான பென்சிலை எடுங்கள். ஒரு பாகத்தின் இணைப்பு முகம் முழுக்கக் கருக்கப் பூசி, மற்றதோடு சேர்த்து லேசாக அழுத்தி, பிரித்துப் பாருங்கள். பல் மருத்துவர் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி உயர்ந்த பல்லைக் கண்டுபிடிப்பாரே, அதே வேலைதான் இது. மறுபக்கத்தில் கருமை ஒட்டிய இடம் எதுவோ அதைத்தான் சீவ வேண்டும். அதை மட்டும். கொஞ்சம் சீவு, சேர்த்துப் பார், மறுபடி பூசு. இந்தச் சுற்று அலுப்பாக இருக்கும், ஆனால் சீவி எடுத்த பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்ட முடியாது.

உடலின் இரு பாதிகளும் மூடவில்லை

விமான உடல் இடது, வலது என்று இரண்டு பாதியாக வருவதுதான் வழக்கம். மேலே மூடினால் கீழே பிளக்கிறது, அல்லது காக்பிட்டுக்கு நேராக மட்டும் வாய் திறந்திருக்கிறது. இந்தக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் பாதிகளிலேயே இருக்காது. உள்ளே வைத்ததில் இருக்கும்.

சோதிப்பது எளிது. உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு வெற்றுப் பாதிகளை மாஸ்கிங் டேப்பால் சேர்த்துக் கட்டுங்கள். மூடுகிறதா? அப்படியானால் உடல் குற்றமற்றது. இனி ஒவ்வொன்றாக உள்ளே வையுங்கள்: முதலில் காக்பிட் தரை, பிறகு விமானியின் பின்சுவர், பிறகு கருவிப் பலகை, வால் சக்கரம், மூக்குச் சுவர். எதை வைத்ததும் பிளக்கிறதோ அதுதான் ஆள்.

பெரும்பாலும் கருவிப் பலகையிலோ பின்சுவரிலோ போய் நிற்கும். இரண்டு ஓரங்களிலும் சமமாக அரத்தால் தேயுங்கள். ஒரே பக்கம் தேய்த்தால் பலகை நடுவிலிருந்து விலகிவிடும், முகப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அது தெரியும். காக்பிட் தொட்டி முழுவதுமே அகலம் என்றால், குறிப்பாகத் தனியாக வாங்கிய ரெசின் காக்பிட் என்றால், தொட்டியைத் தேய்ப்பதைவிட உடலின் உட்சுவரை மெலிதாக்குவது நல்லது. வளைந்த முனையுள்ள பிளேடை நிமிர்த்திப் பிடித்து உட்பக்கம் சுரண்டுங்கள். அவ்வப்போது விளக்கொளியில் தூக்கிப் பிடியுங்கள். சுவர் வழியாக வெளிச்சம் கசியத் தொடங்கினால் அதுவே எல்லை, நிறுத்திவிடுங்கள்.

வெற்றுப் பாதிகளே மூடவில்லையென்றால் சந்தேகம் வழிகாட்டி முளைகள் மேல் போக வேண்டும். ஒரு பாதியில் முளை, மறு பாதியில் குழி. முளை தடித்திருக்கலாம், இடம் தள்ளியிருக்கலாம். ஒவ்வொரு முளையாக வெட்டிச் சோதியுங்கள். எல்லா முளைகளையும் வெட்டி எறிந்துவிட்டு விளிம்பைப் பார்த்து விரலால் சரிசெய்து ஒட்டுகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். விளிம்பைவிட நேர்மையான வழிகாட்டி கிடையாது.

மிக்-21 போன்ற குழாய் உடல் ஜெட்களில் இன்னொரு சோதனை உண்டு. மூக்கில் காற்று நுழையும் வளையம், வாலில் புகை வெளியேறும் வளையம் இரண்டும் பெரும்பாலும் முழு வட்டமாகத் தனியே வரும். பாதிகளை ஒட்டும் முன்பே இவற்றை டேப்பால் பொருத்திப் பாருங்கள். வளையத்தைவிட உடல் அகலமாகத் தெரிந்தால் உள்ளே ஏதோ விரித்துப் பிடிக்கிறது. குறுகலாகத் தெரிந்தால் நடுவே ஒரு துண்டு ஸ்ப்ரூவைக் குறுக்குக் கட்டையாக வைத்து விரிக்க வேண்டும்.

செய்யக்கூடாத ஒன்று: துணிக் கிளிப் மாட்டி, ரப்பர் பேண்ட் சுற்றி, மல்லுக்கட்டி மூடுவது. அந்த நேரத்துக்கு மூடிக்கொள்ளும். ஆனால் பிளாஸ்டிக்கில் அந்த இறுக்கம் தங்கிவிடும். பெயின்ட், டிகால் (ஒட்டுப்படம்) எல்லாம் முடித்து அலமாரியில் வைத்த பிறகு, ஒரு கோடையில், முதுகில் மயிரிழை போல வெடிப்பு விடும்.

ஒட்டும் முறையும் இந்தக் கோளாறோடு சேர்ந்ததுதான். தண்ணீர் போன்ற மெல்லிய சிமென்ட் சந்தில் தானே இழுத்துக்கொண்டு ஓடும். பச்சை மூடி போட்ட தமியா எக்ஸ்ட்ரா தின் இந்த ரகம். அதில் இருப்பவை அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இரண்டுமே விரைவில் ஆவியாகிறவை. சென்னை வெயிலில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, மூக்கிலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் பூசினால் வாலுக்குப் போவதற்குள் மூக்கு காய்ந்துவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் பூசி, பத்து நொடி பொறுத்து, அழுத்துங்கள். கரைந்த பிளாஸ்டிக் சந்திலிருந்து மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வர வேண்டும். அந்த வரப்பு நல்ல அறிகுறி. புட்டி செய்ய வேண்டிய வேலையை அதுவே செய்துவிடுகிறது, அதுவும் மாடலின் சொந்தப் பிளாஸ்டிக்கால். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுவிட்டுத் தேயுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், இந்த ஆவியை மூச்சில் இழுப்பது நல்லதில்லை.

பாதிகள் மூடுகின்றன, ஆனால் கோட்டில் படி தெரிகிறது

இடைவெளி இல்லை, ஆனால் ஒரு பாதி மற்றதைவிட உயர்ந்து நிற்கிறது. முளைகளே காரணம், ஒட்டும் முன் கண்டுபிடித்தால் வெட்டிவிட்டால் தீர்ந்தது. விமானத்தின் முதுகைச் சரியாகச் சேர்த்து, மிச்சப் பிசகை வயிற்றுப் பக்கம் தள்ளிவிடுங்கள். முதுகு எல்லோர் கண்ணிலும் படும். வயிற்றில் பாதியை இறக்கை மறைத்துவிடும்.

ஒட்டிய பிறகு கண்டால், பள்ளத்தை நிரப்பாமல் மேட்டைத் தேயுங்கள். ஹார்டுவேர் கடை வாட்டர் பேப்பர் (தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். 400இல் தொடங்கி 600, 1000 என்று போங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பு விட்டுத் தேய்த்தால் தாள் அடைக்காது. தாளை விரலில் சுற்றாமல் சிறிய கட்டையிலோ ஐஸ் குச்சியிலோ ஒட்டித் தேயுங்கள், இல்லாவிட்டால் தாள் மேட்டோடு பள்ளத்தையும் சேர்த்துத் தேய்க்கும்.

ஹரிக்கேனில் மட்டும் கூடுதல் கவனம். அதன் உடலின் பின்பாதி துணி போர்த்தியது. துணிக்கு அடியில் இருக்கும் சட்டங்களின் மெல்லிய மேடுகளை மாடலில் வார்த்திருப்பார்கள். இணைப்புக் கோட்டுக்கு இருபுறமும் ஒரு மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, நடுவில் தெரியும் கீற்றை மட்டும் தேயுங்கள். அந்த மேடு அழிந்தால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

இறக்கை வேரில் பிளவு

விமான மாடலில் அதிகம் பேர் திணறுவது இங்கேதான். கீழ் இறக்கை ஒரே துண்டு, மேல் இறக்கை இரண்டு துண்டு, இதை உடலுக்கு அடியில் மாட்ட வேண்டும். ஸ்பிட்பயர், ஹரிக்கேன் இரண்டும் இப்படித்தான் வருகின்றன. மாட்டியதும் மேல்பக்கம், உடலும் இறக்கையும் சேரும் இடத்தில் பிளவு தெரிகிறது. அது எப்படிப் பிளக்கிறது என்பதில் நோய் எழுதியிருக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு பிளவு, முன்னாலிருந்து பின்னால்வரை சீராக இருந்தால், ஒன்று இறக்கை போதுமான அளவு மேல்நோக்கிச் சாயவில்லை, அல்லது உடல் குறுகலாக இருக்கிறது. முதலில் சாய்வைப் பாருங்கள். ஸ்பிட்பயரின் இறக்கை 6 பாகை மேல்நோக்கிச் சாய்ந்தது. 1/72இல் முழு நீளம் சுமார் 156 மி.மீ. வரும், அப்படியானால் வேரைவிட நுனி ஏறத்தாழ 7 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஒட்டும்போது தட்டையாக உலர்ந்துவிட்ட இறக்கையில் இந்த உயரம் குறைந்திருக்கும், குறைந்த அளவுக்கு வேரில் பிளவு விழும். ஒரு நுனியிலிருந்து காக்பிட்டுக்கு மேலாக மறு நுனிவரை நீள மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டுங்கள். நுனிகள் எழும், வேர் மூடும். ஸ்கேலால் இரு நுனியின் உயரத்தையும் மேசையிலிருந்து அளந்து சமம் என்று உறுதி செய்துகொண்டு, அந்த நிலையில் வேருக்கு மெல்லிய சிமென்ட் விட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். எல்லா விமானத்துக்கும் இந்த மருந்து செல்லாது. மிக்-21 இறக்கை சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வது. அதை டேப் போட்டு மேலே இழுத்தால் விமானத்தின் முகமே மாறிவிடும்.

சாய்வு சரியாக இருந்தும் இரு பக்கமும் பிளந்தால் உடலை விரிக்க வேண்டும். ஸ்ப்ரூவில் ஒரு துண்டு வெட்டி, இறக்கை வேருக்கு நேராக உடலுக்குள் குறுக்கே செருகுங்கள். பிளவு இரு பக்கமும் கால் மி.மீ. என்றால் துண்டு உட்பக்க அகலத்தைவிட அரை மி.மீ. நீளம் வேண்டும். அதற்கு மேல் விரித்தால் முதுகு இணைப்பு பிரியத் தொடங்கும்.

ஒரே பக்கம் மட்டும் பிளவு என்றால் இறக்கை நடுவில் உட்காரவில்லை. கீழ் இறக்கையின் நடுத்துண்டில் எந்த ஓரம் உடலோடு மோதுகிறது என்று பென்சில் சோதனை செய்யுங்கள். பிளவு இல்லாத பக்கம்தான் குற்றவாளி. அங்கே சீவினால் முழு இறக்கையும் அந்தப் பக்கம் நகர்ந்து இங்கே மூடும்.

முன்னால் ஒட்டி, பின்னால் விரிந்து போகும் ஆப்பு வடிவப் பிளவு என்றால், இறக்கை உடலுக்குள் முழுதாக ஏறவில்லை. முன் விளிம்பு மூக்கின் அடிப்பாகத்தில் முட்டுகிறது, அல்லது காக்பிட் தரை இறக்கையின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. காக்பிட் தரைக்கு அடியில் சின்ன மாவுப் பந்து போல புளூடாக் (ஒட்டிப் பிரிக்கக்கூடிய களிமண் போன்ற பொருள்) வைத்து இறக்கையை அழுத்தி எடுங்கள். புளூடாக் நசுங்கித் தாளாகியிருந்தால் அங்கேதான் மோதல். தரையின் அடியையோ இறக்கையின் உட்பக்கத்தையோ சுரண்டலாம், இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத இடம்.

பிடிவாதமான கிட்டுக்கு இன்னொரு வழி, வரிசையை மாற்றுவது. விளக்கத்தாள் மேல், கீழ் இறக்கைகளை முதலில் ஒட்டச் சொல்லும். அதற்குப் பதிலாக மேல் இறக்கைகளை முதலில் உடலின் வேரோடு, பிளவே இல்லாமல் ஒட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு கீழ் இறக்கையை அடியிலிருந்து ஏற்றுங்கள். பிசகு முழுவதும் முன் விளிம்புக்கும் வயிற்றுக்கும் போய்விடும். அங்கே தேய்த்துச் சரிசெய்வது எளிது, கோடுகளும் குறைவு. முன் விளிம்பு சேர்கிறதா என்று மட்டும் ஒட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் மயிரிழை மிச்சமிருந்தால், இப்போது நிரப்பலாம். கால் மி.மீ.க்கு மேல் என்றால் புட்டி வேண்டாம், பிளாஸ்டிக் தகடு வையுங்கள். 0.13, 0.25, 0.5 மி.மீ. தடிமன்களில் ஸ்டைரீன் தகடுகள் கிடைக்கின்றன. கீற்றாக வெட்டிச் செருகி, மெல்லிய சிமென்ட் தொட்டு, காய்ந்ததும் வெளியே நிற்பதைச் சீவிவிடுங்கள். தகடு இல்லையா, ஸ்ப்ரூ துண்டை மெழுகுவத்திக்கு மேல் காட்டி இளகியதும் இழுத்தால் நூலாக வரும். அந்த நூலையே பிளவில் படுக்க வைத்து சிமென்ட் விடலாம். கால் மி.மீ.க்குக் கீழே என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் புட்டி. தடவிவிட்டு, ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சியால் ஒரே இழுப்பில் துடைத்தால் பிளவுக்குள் மட்டும் நிற்கும், தேய்க்கவே வேண்டாம். சுற்றியுள்ள ரிவெட்டும் பேனல் கோடும் (தகடுகள் சேரும் கோடு) தப்பிக்கும்.

ஒன்றை மறக்கக்கூடாது: இங்கே தெரியும் எல்லாக் கோடும் பிழை இல்லை. ஸ்பிட்பயரில் உடலிலிருந்து இறக்கை மேல் பரவும் தகட்டு உறையின் விளிம்பு நிஜ விமானத்திலேயே கோடாகத் தெரியும். பல கிட்கள் இணைப்பை அந்த விளிம்பிலேயே வைத்திருக்கின்றன. அதை முழுக்க மெழுகி அழித்துவிட்டால் விமானம் சோப்பில் செதுக்கியதாகத் தெரியும். பிளவை மூடுங்கள், மெல்லிய கோட்டை விட்டுவையுங்கள்.

வயிற்றில், இறக்கைக்குப் பின்னால் படி

இறக்கையின் பின் ஓரம் உடலைவிடக் கீழே தொங்கினால், இறக்கை முழுதாக ஏறவில்லை என்று மேலே சொன்ன அதே கதை. உயர்ந்து உள்ளே புதைந்திருந்தால், உடலின் அந்த இடத்தில் உட்பக்கமாக ஒரு தகட்டுத் துண்டைப் படிபோல ஒட்டி, இறக்கை அதன்மேல் உட்காரும்படி செய்யுங்கள். நிரப்பித் தேய்ப்பதைவிட இது பத்து மடங்கு சுத்தம்.

வால் இறக்கைகள் கோணல்

பெரும்பாலும் உடலில் செருகும் நாக்கு சின்னது, துளை பெரியது. ஒட்டி வைத்துவிட்டுக் கை எடுத்தால் சாய்ந்துவிடும். மெல்லிய சிமென்ட் இதற்கு உதவாது. சற்றே கெட்டியான, மெதுவாக இறுகும் சிமென்ட் வைத்தால் சரிசெய்ய ஐந்து நிமிடம் கிடைக்கும். மேசையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். சக்கரம் இல்லாத உடல் மேசையில் சாய்ந்து கிடக்கும். இறக்கையைத்தான் பார்க்க வேண்டும். மாடலைக் கண் மட்டத்தில் பிடித்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால், இறக்கையும் வால் இறக்கையும் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும்படி பார்த்தால் அரைப் பாகைக் கோணல்கூடத் தெரியும். நாக்கை வெட்டிவிட்டு, காகிதக் கிளிப் கம்பியை உடலின் குறுக்கே செலுத்தி இரு பக்கமும் மாட்டுவது இன்னும் உறுதி.

கண்ணாடி மூடி உட்காரவில்லை, அல்லது மங்கிவிட்டது

காக்பிட் மேல் உட்காரும் கேனோபிதான் மாடலின் கண். யாராவது மாடலைக் கையிலெடுத்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். இதுவும் ஸ்டைரீன்தான், ஆனால் ஒளி ஊடுருவும் வகை, எளிதில் நொறுங்கக்கூடியது. நிப்பரால் (வெட்டுக் குறடு) விளிம்பை ஒட்டி வெட்டினால் வெடிப்பு உள்ளே ஓடும். ரேசர் ரம்பத்தால் தள்ளி வெட்டி, மிச்சத்தைத் தேயுங்கள்.

உட்காரவில்லையென்றால் கேனோபியில் கை வைக்காதீர்கள். உடலில்தான் திருத்த வேண்டும். கேனோபி குறுகலாகவும் காக்பிட் விளிம்பு அகலமாகவும் இருந்தால் காக்பிட் உடலை விரித்திருக்கிறது. இதைப் பாதிகளை ஒட்டும் முன்பே கேனோபியை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியும். இனிமேல் அதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: உடலை மூடும்போதே கேனோபியையும் மேலே வைத்து அளவு பார்ப்பது. காலம் கடந்துவிட்டதென்றால் விளிம்பின் வெளிப்பக்கத்தைத் தேய்த்து கேனோபியின் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். கேனோபி முன்னும் பின்னும் ஆடி நடுவில் தொடாமல் நின்றால், கருவிப் பலகையின் தலையோ இருக்கையின் தலைப்பகுதியோ உள்ளிருந்து முட்டுகிறது.

ஒட்டுவதற்கு சாதாரண வெள்ளைப் பசை, ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும், மயிரிழைப் பிளவையும் அதுவே நிரப்பும், பிதுங்கியதை ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். சூப்பர் குளூவை இங்கே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும், மூடிய பிறகு துடைக்கவும் முடியாது. ஏற்கெனவே மங்கியிருந்து, கேனோபி கழன்று வருமென்றால், 2000க்கு மேற்பட்ட வாட்டர் பேப்பரில் தொடங்கி பாலிஷிங் பேஸ்டில் முடித்தால் தெளிவு திரும்பும். பிறகு தெளிவான அக்ரிலிக் தரை பாலிஷில் ஒருமுறை முக்கி, தூசு படாமல் மூடி வைத்து உலர்த்தினால் பளிங்காகிவிடும்.

துப்பாக்கிக் கோபுரம் உள்ள விமானங்களில், போல்டன் பால் டிபையன்ட் போன்றவற்றில், கோபுரம் சுழல வேண்டிய வட்டத்தில் பெயின்ட் தடித்து இறுகிவிடும். பெயின்ட்டுக்கு முன்பே வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கிவிடுங்கள். டிபையன்ட் நம் ஊர்க்காரர்கள் அலமாரியில் வைக்க ஏற்ற விமானம் என்பது என் எண்ணம். அதை ஓட்டிய பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆவது ஸ்குவாட்ரனுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்றே பெயர். அன்றைய சென்னை மாகாணம் தந்த நிதிக்காகச் சூட்டிய பெயர் அது.

பாகமே வளைந்து வந்திருக்கிறது

பெட்டிக்குள் அழுத்தத்தில் கிடந்தோ, பார்சல் வண்டியின் சூட்டிலோ இறக்கை முறுக்கியிருக்கும். ஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது இளகும். கொதிக்கும் நீரில் போட்டால் மெல்லிய பாகம் அடையாளம் தெரியாமல் சுருண்டுவிடும். கை பொறுக்காத அளவு சூடான, 60 முதல் 70 பாகை நீர் போதும். அரை நிமிடம் அமிழ்த்தி, எடுத்து, எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்துப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் காட்டுங்கள். ஒரே தடவையில் முழுக்க நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மேல், கீழ் இறக்கை இரண்டும் எதிரெதிராக வளைந்திருந்தால் ஒட்டினாலே நேராகிவிடும். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தால் மட்டும் வெந்நீர்.

பெயின்ட் அடித்த பிறகு கோடு திரும்ப வருகிறது

தேய்த்து, தடவிப் பார்த்து, வழவழவென்று இருந்த இணைப்பு. பெயின்ட் அடித்து ஒரு வாரத்தில் கோடு மறுபடி தெரிகிறது. காரணம் அவசரம். ட்யூப் புட்டியில் கரைப்பான் இருக்கிறது. அது ஆவியாகி வெளியேற வெளியேறப் புட்டி சுருங்கும். மேல்தோல் ஒரு மணி நேரத்தில் காய்ந்தாலும் அடிப்பகுதிக்கு நாள் கணக்கில் ஆகும். அதற்குள் தேய்த்துவிட்டால், மிச்சச் சுருக்கம் பெயின்ட்டுக்கு அடியில் நடக்கும். சிமென்ட் ஊறிய பிளாஸ்டிக்குக்கும் இதே கணக்குதான்.

சுருங்காத நிரப்பி வேண்டுமென்றால் சூப்பர் குளூ. காற்றில் ஈரம் கூடக் கூட அது விரைவாக இறுகும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் கண் இமைப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். இறுகியதும் அன்றே தேய்த்துவிட வேண்டும். நாள் போகப் போக அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், பிறகு தேய்த்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழிந்து பசை மேடாக நிற்கும்.

கோடு போய்விட்டதா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒளித்துவைக்கும். இணைப்பின் மேல் வெள்ளி நிறப் பெயின்ட் மெல்லியதாகத் தீட்டி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு கீறலும் வெளியே வரும். தேய்த்ததில் பேனல் கோடு அழிந்திருந்தால், தடித்த லேபிள் டேப்பை வளைவின் மேல் ஒட்டி அதன் விளிம்பை ஒட்டி ஊசியை மிக லேசாகப் பலமுறை இழுங்கள். அழுத்தி ஒரே முறை இழுத்தால் ஊசி தடம் மாறும்.

முளையே இல்லாத கிட்

செக் நாட்டிலிருந்து வரும் குறைந்த எண்ணிக்கை கிட்கள் அபூர்வமான விமானங்களைத் தருகின்றன. ஆனால் முளை இருக்காது, வெட்டும் இடம் தடித்திருக்கும், இணைப்பு முகம் சமமாக இருக்காது. கண்ணாடித் தகட்டின் மேல் வாட்டர் பேப்பரை ஒட்டி, பாதியை அதன்மேல் வைத்து எட்டு வடிவத்தில் தேயுங்கள். விளிம்பு முழுக்க ஒரே நிறமாக மாறும்போது முகம் சமமாகிவிட்டது. அதிகம் தேய்த்தால் உடல் ஒல்லியாகிவிடும், அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். பிறகு விளிம்பின் உட்பக்கம் சின்னத் தகட்டு நாக்குகளை ஒட்டினால் அவையே முளை.

கட்டி முடித்த ஜெட் வாலில் உட்காருகிறது

மூக்குச் சக்கரம் உள்ள எந்த விமானத்துக்கும் இது வரலாம். உடலை மூடும் முன், இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, முதன்மைச் சக்கரம் வரும் இடத்துக்கு நேராக ஒரு பென்சிலை வைத்து அதன்மேல் மாடலை நிறுத்துங்கள். மூக்கு இறங்கும்வரை எடை சேர்க்க வேண்டும். தூண்டிலுக்கு விற்கும் ஈயக் குண்டுகள் மலிவு. எடை எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு குறைவாகப் போதும். மிக்-21இல் மூக்கின் காற்று வாய்க்குள் இருக்கும் கூம்பு அதற்கென்றே செய்ததுபோல. அதை முழுக்க ஈயத்தால் நிரப்புங்கள். ஈயத்தை ஃபெவிகாலால் ஒட்டக் கூடாது. நாளடைவில் ஈயம் அதோடு வினைபுரிந்து வெள்ளைப் பொடியாகிப் பருத்து, உடலையே பிளந்துவிடும். இரண்டு ட்யூபைக் கலந்து பூசும் எபாக்ஸியோ சூப்பர் குளூவோ வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

மூடிய பிறகுதான் தெரிந்ததென்றால், மூக்குச் சக்கர அறையின் கூரையில் குண்டு நுழையும் அளவு துளையிட்டு, மாடலை மூக்குக் கீழாகப் பிடித்து ஒவ்வொரு குண்டாகப் போடுங்கள். போதும் என்றானதும் மெல்லிய சூப்பர் குளூ சில சொட்டு விட்டு, காயும்வரை அதே நிலையில் நிறுத்தி வையுங்கள். வாலை விரலால் அழுத்தி விட்டால் மூக்கு டொக்கென்று தரையில் விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் இன்னும் இரண்டு குண்டு போடுங்கள், பெயின்ட்டும் டிகாலும் வாலிலும் ஏறப்போகின்றன.